இலகு வேலைக்கு எத்தனை கிலோ?

வேலைத்தலத்தில் கையை வெட்டிக்கொண்டவனைக் கண்டால் யாழ்ப்பாணத்துச் சனம் கேட்கும் முதற்கேள்வி "முதலாளி எவ்வளவு தந்தவர்?" என்பதுதான். வீட்டுக்குப் பார்க்க வந்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள், நல்லூர் வீதியில் மறித்துக் கதைத்தவர்கள் எல்லோரும் என்னிடம் அதையே கேட்டார்கள். எப்போது வேலைக்குத் திரும்பப் போகிறாய், போய் என்ன வேலை செய்யப் போகிறாய் என்று கேட்டவர் ஒரேயொருவர். அவர் எனக்குச் சொந்தமும் இல்லை, சிநேகிதமும் இல்லை. அவரைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் யாழ் நகரத்து அச்சகம் ஒன்றில் கட்டிங், பைண்டிங் பகுதியில் இருபது வருடத்துக்கு மேலாக இருக்கிறேன். முதலாளியையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் உள்ள இடம். கலியாணக் காட், பில் புத்தகம், கோயில் மலர், நாட்காட்டி, கல்வெட்டு, இவைதான் எங்களுக்குச் சோறு போடுபவை. தமிழகத்து வாசகர்கள் கல்வெட்டு என்றதும் தஞ்சைப் பெரிய கோயிலை நினைக்க வேண்டாம். இங்கே அது இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு உறவினர் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகம்.

2023 கார்த்திகையில், நாட்காட்டி வேலை தலைக்கு மேல் இருந்த நேரம், கட்டிங் மெசினின் கத்தியைச் சாணை பிடிக்கக் கழற்றினோம். மெசின் ஓடும்போது கை போகும் என்றுதான் எல்லோரும் பயப்படுவார்கள். உண்மையில் கத்தி மாற்றும் நேரந்தான் பொல்லாதது. ஒரு கை நீளத்துக்கு மேற்பட்ட பாரமான இரும்பு, ஒரு பக்கம் முழுக்கக் கூர். கடைசி ஆணியைக் கழற்ற முன்னமே அதை ஒரு மரக்கூட்டுக்குள் பிடிப்பித்துக்கொள்ள வேண்டும். எங்கள் இடத்தில் அந்தக் கூடு இல்லை. பழைய சாக்குத்தான் இருந்தது. கத்தி சறுக்கி என் வலது உள்ளங்கையைக் குறுக்கே கீறிக்கொண்டு போனது. விரல்கள் தப்பின. ஆனால் நடுவிரலும் மோதிரவிரலும் மடங்க மறுத்துவிட்டன.

போதனா வைத்தியசாலையில் அன்றிரவே சத்திரசிகிச்சை. இரண்டு சாமான் அறுந்துபோயிருந்தன: விரலை மடக்கும் தசைநாண், உணர்ச்சியைக் கொண்டுபோகும் நரம்பு. இரண்டும் ஆறும் விதம் வேறு, வேகமும் வேறு. வேலைக்குத் திரும்பும் கதை முழுக்க இந்த இரண்டு வேகத்திலும் தங்கியிருப்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

தைத்த தசைநாண் முதல் இரண்டு மூன்று கிழமை நூலின் பலத்தில்தான் நிற்கும். அந்த நேரம் கையைப் பாவித்தால் அறுந்துவிடும். அசைக்காமலே வைத்திருந்தால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிப் பிடித்துவிடும், பிறகு விரல் மடங்காது. ஆகவே ஸ்பிளின்ற் என்னும் பிளாஸ்ரிக் அணையைக் கையின் முதுகுப்பக்கம் கட்டி, அதற்குள்ளேயே சொல்லித்தந்த விதத்தில் மெல்ல அசைக்க விடுவார்கள். ஏறக்குறைய ஆறு கிழமை அணை. அதன்பிறகு தேத்தண்ணீர்க் கோப்பை பிடிக்கலாம், பேனை பிடிக்கலாம். பாரம் தூக்குவதைப் பன்னிரண்டு கிழமை போனபிறகுதான் மெல்லத் தொடங்க விடுவார்கள். நரம்பு இன்னும் ஆறுதல். வெட்டுப்பட்ட இடத்திலிருந்து நாளொன்றுக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் வளரும். உள்ளங்கையிலிருந்து விரல்நுனிக்கு வந்துசேர மாதக்கணக்காகும். அதுவரை விரல்நுனியில் சூடு தெரியாது, கூர் தெரியாது, தாள் ஒன்றா இரண்டா என்றும் தெரியாது. தாளைத் தடவி எண்ணுவதே தொழிலாக உள்ளவனுக்கு இது சின்ன விஷயமில்லை.

அணை கழற்றிய கிளினிக்கில் என் கையில் ஒரு துண்டு தந்தார்கள். மூன்று மாதத்துக்கு இலகு வேலை என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

அந்தத் துண்டோடு தொழில்வழிச் சிகிச்சைப் பகுதிக்குப் போனபோதுதான் நான் முதலில் சொன்ன அந்த ஒருவரைக் கண்டேன். சின்ன வயதுப் பெண். என் விரல்களை மடக்கி நிமிர்த்திப் பார்த்தபடியே கேட்டார்.

"ஐயா என்ன வேலை?"

"அச்சகத்திலை, மிஸ்."

"அதிலை என்னென்ன செய்வீங்கள்? காலமை போனதும் முதல் என்ன தூக்குவீங்கள்?"

ஒருவரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நானும் நினைத்துப் பார்த்ததில்லை. தாள் றீம் இறக்குவேன், வெட்டுவேன், மடிப்பேன், அடுக்குவேன், நம்பர் அடிப்பேன், பசை பூசுவேன், கட்டுவேன் என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு வந்தார். பிறகு ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பாரம், எத்தனை தரம், எந்தக் கை என்று கேட்டார். எனக்குப் பாரம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். போட்டோக் கொப்பிக் கடைகளில் காணும் ஏ4 தாள், 80 கிராம், 500 தாள் கொண்ட ஒரு கட்டு இரண்டரைக் கிலோ. நாங்கள் அச்சுக்குப் பாவிக்கும் 20க்கு 30 அங்குலத் தாள், 70 கிராம், ஒரு றீம் பதின்மூன்று கிலோவுக்கு மேல். அடுத்தமுறை அந்தக் கணக்கைக் காட்டியதும் அவர் ஒரு கடதாசியில் எழுதித் தந்தார்: வலது கையால் இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, நாளுக்கு நாலு மணித்தியாலம், மெசினில் கை வைக்கக்கூடாது, இந்தத் திகதியில் திரும்ப வந்து காட்ட வேண்டும். வைத்தியரிடம் அதில் கையொப்பமும் வாங்கித் தந்தார்.

இரண்டு கிலோ என்றால் ஏ4 கட்டு ஒன்றைக்கூட அந்தக் கையால் தூக்க முடியாது. இலகு வேலை என்ற வரி இதைச் சொல்லியிருக்குமா? அந்த வரியை மட்டும் நான் கொண்டுபோயிருந்தால், ஏ4 கட்டு அடுக்குவதுதான் எங்கள் இடத்தில் இருக்கிற ஆகச் சின்ன வேலை, அதைச் செய் என்று முதலாளி நல்ல மனத்தோடேயே தந்திருப்பார்.

முதலாளி கெட்டவரில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர், முதல் இரண்டு மாதமும் பாதிச் சம்பளம் அனுப்பியவர். ஆனால் துண்டைப் பார்த்ததும் அவர் சொன்னது இது:

"தம்பி, இஞ்சை லைற் வேலை எங்கை கிடக்கு? எல்லாம் பாரந்தானே. முழுக்கச் சுகமாக்கிக்கொண்டு வாருமன்."

இந்தக் கடைசி வசனத்தை இலங்கையில் எத்தனை ஆயிரம் பேர் கேட்டிருப்பார்கள்! கேட்க அன்பாக இருக்கும். அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. முழுக்கச் சுகமாகும் நாள் சிலருக்கு வராது. வரும்வரை வீட்டிலிருப்பவன் விடியவே எழும்பும் பழக்கத்தை விடுகிறான், கையைப் பொத்தி வைத்துக்கொள்கிறான், கடன்படுகிறான். அவனுடைய இடத்துக்கு வேறொரு பெடியன் வந்து வேலை பழகிவிடுகிறான். வீட்டிலிருக்கும் காலம் நீள நீளத் திரும்பிப் போவது அரிதாகிவிடும் என்பதில் உலகமெங்கும் இந்தத் துறையில் உள்ளவர்களுக்குள் இரண்டு கருத்தில்லை. முதுகு நோவுக்குக்கூடப் படுத்தே கிடக்கச் சொன்ன காலம் போய்விட்டது. முடிந்த அளவுக்கு நடமாடு, வேலை செய் என்பதுதான் இப்போதைய வைத்தியம்.

என்னுடைய பட்டியலை முதலாளியிடம் நீட்டினேன். பாரமில்லாத வேலைகள் எவை என்று இருவருமாக இருந்து கோடு போட்டோம். புரூவ் பார்ப்பது, ஓடர் எடுப்பது, தாள் கணக்கு, வாடிக்கையாளரோடு கதைப்பது. இதையெல்லாம் பாதி நேரம் முதலாளியே செய்துகொண்டிருந்தார், மீதி நேரம் ஒருவரும் செய்வதில்லை. எங்கள் இடத்தில் இலகு வேலை இருந்திருக்கிறது. பல பேரின் வேலைக்குள் துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்தபடியால் ஒருவருக்கும் கண்ணிற் படவில்லை.

முதல் நாட்களில் ஒரு வேடிக்கை. என்மேல் இரக்கப்பட்டு முதலாளி என்னைக் கொம்பியூற்றர் அறையில் இருத்தினார். அச்சகத்தில் ஏசி உள்ள ஒரேயொரு அறை அது. அரை மணித்தியாலத்தில் விரல்கள் கடுக்கத் தொடங்கிவிட்டன. நரம்பு அறுந்து வளரும் கைக்குக் குளிர் ஆகாது என்பது அங்கே இருந்தபிறகுதான் தெரிந்தது. ஆக, அச்சகத்திலேயே சொகுசான கதிரை எனக்குப் பாரமான கதிரையாகிவிட்டது. மேசையை முன் விறாந்தைக்கு மாற்றினோம். வெயில், தூசி, வாகனச் சத்தம், ஆனால் கை சுகமாக இருந்தது.

புரூவ் பார்ப்பது இலகு வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கல்வெட்டில் மருமகன்மாரின் பெயர் வரிசை ஒன்று பிசகினால், அச்சகத்தின் வாசலில் கனடாக்காரரும் லண்டன்காரரும் வந்து நின்று சண்டை பிடிப்பார்கள். அமரரின் மூத்த சகோதரியின் பெயர் விடுபட்டு, இருநூறு பிரதியையும் திரும்ப அடித்த வரலாறு எங்களுக்கு உண்டு. பைண்டிங் மேசையில் நின்றே பல வருடம் வாசித்தவன் என்பதால் எந்த ஊரில் எந்த முதலெழுத்து, எந்தக் கோயில் பெயர் எப்படி எழுதப்படும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் அந்த மேசையில் எனக்கு மரியாதை இருந்தது. "அண்ணைக்கு இப்ப பென்சன்தானே" என்று ஆரம்பத்தில் பகிடி விட்ட பெடியள் பிறகு "அண்ணை, இதைக் கொஞ்சம் பாருங்கோவன்" என்று வரத் தொடங்கினார்கள்.

இங்கே என் மாமாவின் கதையைச் சொல்ல வேண்டும். வடமராட்சியில் கள்ளுச் சீவல் தொழில் செய்தவர். 1972இல் மரவரி முறை வந்து, யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் எழும்பியபோது அவற்றில் சேர்ந்த முதல் தலைமுறை. மாரி கழிந்து பாளை வரும் காலம் தொடங்கினால் விடியற்புறமும் பின்னேரமும் மரம் மரமாக ஏறி இறங்கும் உடம்பு. ஒருநாள் காலில் மாட்டும் தளநார் அறுந்து விழுந்தார். முள்ளந்தண்டில் வெடிப்பு. கால் இயங்கியது, ஆனால் இனி மரமேற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சங்கம் அவரைத் தவறணையில் கள்ளு அளந்து எடுக்கும் வேலையில் விட்டது. யாருடைய முட்டியில் தண்ணீர் கலந்திருக்கிறது, எது நேற்றைய கள்ளு, எது புளித்துப்போகும் என்பதெல்லாம் மணத்திலேயே அவருக்குத் தெரியும். ஏமாற்ற ஒருவராலும் முடியாது. மரத்தில் பழகிய அறிவு நிலத்திலும் உதவியது. அதனால் அவர் கடைசிவரை தலை நிமிர்ந்து திரிந்தார்.

அதே காலத்தில் வேறோர் இடத்தில் விழுந்த இன்னொருவரை வாசலில் ஒரு ஸ்ரூலில் இருத்தி, வருவோர் போவோரைப் பார் என்று விட்டிருந்தார்கள். சம்பளம் கிடைத்தது. ஆனால் ஒரு வருடத்துக்குள் அவரே விட்டுவிட்டுப் போய்விட்டார். வாசல் ஸ்ரூல் இலகு வேலை ஆகாது என்பது என் தீர்ப்பு. ஒருவனுக்குத் தெரிந்த தொழிலிலிருந்து அவனை முழுக்கப் பிரித்தெடுத்து ஒரு மூலையில் வைத்தால், அது அவனாகவே போகட்டும் என்று காத்திருப்பதுதான்.

சட்டத்துக்கு வருவோம். வேலையிடத்துக் காயத்துக்கு நமக்குள்ள மூலச் சட்டம் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 1923இல் இந்தியாவில் வந்த சட்டத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. எந்த உறுப்பு போனால் உழைக்கும் வலுவில் எத்தனை வீதம் போனதாகக் கொள்வது என்று அட்டவணை போட்டிருக்கிறது. தற்காலிகமாக வேலை செய்ய முடியாமற் போனவருக்கு அரைமாதத்துக்கு ஒருமுறை கொடுப்பனவு உண்டு. நியமனக் கடிதம் இல்லாவிட்டாலும், வாய்ப்பேச்சில் வேலைக்குச் சேர்ந்தவராக இருந்தாலும் அவர் வேலையாள்தான். 2022இல் கொண்டுவந்த திருத்தத்தில் நட்டஈட்டின் உச்சத் தொகை ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் வழியில் நேரும் விபத்துகளும் உள்ளே வந்தன. கொழும்பில் இதற்கென்று ஓர் ஆணையாளர் இருக்கிறார். யாழ்ப்பாணத்தில் இருப்பவர் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் விசாரித்து வழி கேட்டுக்கொள்ளலாம். விண்ணப்பிக்கக் காலவரையறை உண்டு, ஆகவே கை ஆறட்டும் பார்ப்போம் என்று இருக்கக்கூடாது.

தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் என்று 1942இல் வந்த இன்னொன்றும் உண்டு. ஆபத்தான மெசினுக்கு மறைப்புப் போடவேண்டும் என்பது அதில்தான் இருக்கிறது. ஒருவர் காயப்பட்டு, தான் செய்துவந்த வேலையில் முழுச் சம்பளம் உழைக்க முடியாத நிலை மூன்று நாளுக்கு மேல் போனால் அதை அறிவிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. தான் செய்துவந்த வேலையில் என்பதைக் கவனியுங்கள். மறுநாளே ஆளைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, லீவே இல்லை என்று காட்டினாலும் விபத்து விபத்துத்தான்.

இவ்வளவும் இருக்கிறது. திரும்பிவரும் ஆளுக்கு அவருடைய உடம்புக்கேற்ற வேலை கொடுக்கவேண்டும் என்று முதலாளியைக் கட்டும் பிரிவு மட்டும் இல்லை. பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடமானால், ஒழுக்கக் குற்றம் அல்லாத காரணத்துக்காக ஆளை நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். இது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். எங்கள் அச்சகம் அந்த எண்ணிக்கைக்குக் கீழே. யாழ்ப்பாணத்துப் பட்டறைகள், பேக்கரிகள், சாப்பாட்டுக்கடைகள், அரிசி ஆலைகள் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே நிறுத்தப்பட்டவருக்குத் தொழில் நியாய சபை உண்டு. ஆனால் வழக்காடி வெல்லும் நேரத்துக்குள் கை ஆறிவிடும், வயிறு ஆறாது. அரசாங்க உத்தியோகத்தராக இருந்தால் கதை வேறு. கடமையில் காயப்பட்டவருக்குத் தாபன விதிக்கோவையில் விபத்து லீவு இருக்கிறது, வைத்தியசபை இருக்கிறது. ஒரே வாட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த அரச ஊழியரும் நானும் கதைத்தபோது, அவர் எந்தப் படிவம் நிரப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தார். நான் யாரிடம் கடன் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சிகிச்சைக்கு வரும் வரிசையில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். சாப்பாட்டுக்கடைச் சமையற்கட்டில் வேலை. கொதி எண்ணெய் கையில் ஊற்றுப்பட்டு, புதுத்தோல் வந்திருந்தது. புதுத்தோலுக்கு அடுப்பு வெக்கையும் வெயிலும் பல மாதம் ஆகாது. மரக்கறி வெட்டலாம், மா குழைக்கலாம், பார்சல் கட்டலாம், காசு வாங்கலாம். அந்தக் கடையிலேயே அத்தனை வேலையும் இருந்தன. அவருக்குக் கிடைத்த பதில், "ஆறுதலா சுகமாகி வாங்கோ, அக்கா." போனபோது அடுப்படியில் வேறொருவர் நின்றார். ஊழியர் சேமலாப நிதிக்கும் காசு கட்டியிருக்கவில்லை. அவருக்குத் தன்னைச் சட்டம் வேலையாளாகக் கணிக்கும் என்பதே தெரியாது. நட்டஈடு கேட்கலாம் என்று நான் சொன்னபோது, "வேண்டாம் அண்ணை, பிறகு ஒரு கடையிலையும் எடுக்கமாட்டினம்" என்றார். யாழ்ப்பாணம் சின்ன ஊர். அவருடைய பயத்தைப் பிழையென்று சொல்ல என்னால் முடியவில்லை.

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சானிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். அவன் அங்கே பொதி கட்டும் தொழிற்சாலையில் தோளைப் பிசகிக்கொண்டவன். அவன் இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் 1914இல் இதற்கான சட்டம் வந்தது. முதலாளிகள் எல்லோரும் ஒரு பொது நிதிக்குக் காசு கட்டுகிறார்கள், காயப்பட்டவருக்கு அந்த நிதிதான் கொடுக்கிறது. இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஒரு வருடம் வேலை செய்த ஒருவர் காயப்பட்டால், அவரைத் திரும்ப எடுக்கும் கடமை முதலாளிக்கு இரண்டு வருடம்வரை உண்டு. வைத்தியர் நிரப்பும் படிவத்தில் இலகு வேலை என்று ஒரு வரி எழுதித் தப்ப முடியாது. எவ்வளவு நேரம் நிற்கலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், நிலத்திலிருந்து இடுப்புவரை எத்தனை கிலோ, இடுப்பிலிருந்து தோள்வரை எத்தனை கிலோ என்று கேள்வி கேள்வியாக இருக்குமாம். அந்தச் சின்னப் பிள்ளை எனக்குத் தன் கையால் எழுதித் தந்ததைத்தான் அங்கே அச்சடித்து வைத்திருக்கிறார்கள்.

கனடாவைச் சொர்க்கமாகவும் எடுக்கவேண்டாம். காயப்பட்டவர் வீட்டிலிருந்தால் முதலாளி நிதிக்குக் கட்டும் தொகை கூடக்கூடும் என்பதால், ஆளை இழுத்துவந்து ஓர் அறையில் இருத்தி, ஆணி எண்ணு, பழைய கடதாசி அடுக்கு என்று விடும் இடங்களும் உண்டு. மச்சானையும் முதலில் அப்படித்தான் இருத்தினார்கள். எங்கள் வாசல் ஸ்ரூலின் கனடாப் பிரதி.

பிரித்தானியாவில் 2010இல் நோய்ச் சான்றிதழையே மாற்றினார்கள். முன்பு வேலைக்குத் தகுதியில்லை என்று மட்டும் எழுதலாம். இப்போது சில மாற்றங்களோடு வேலை செய்யலாம் என்று வைத்தியர் எழுதமுடியும்: படிப்படியாகத் திரும்புதல், நேரத்தை மாற்றுதல், வேலையை மாற்றுதல், இடத்தில் வசதி செய்தல். மலேசியத் தமிழர் சொக்சோ என்று சொல்லும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 2007இலிருந்து காயப்பட்டவரை வேலைக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. நம்முடைய முதலாளிமாருக்கு இதெல்லாம் பெரிய நாட்டுக் கதை என்று தோன்றலாம். படிவம் ஒன்றைத் திருத்தி அச்சடிக்க எவ்வளவு செலவாகும் என்று அச்சகக்காரன் நான் சொல்வேன்: மிகக் குறைவு.

நான் எப்படித் திரும்பினேன் என்பதையும் முடித்துவிடுகிறேன். தொடக்கத்தில் அரைநாள். பாதி நேரத்துக்குப் பாதிச் சம்பளம், ஓவர்ரைம் இல்லை. இதைப் பேசாமல் விட்டால் மாதக் கடைசியில் மனக்கசப்பு வரும் என்று முன்னமே பேசி எழுதிக்கொண்டோம். இலகு வேலை என்றால் சம்பளம் எப்படி என்பது பலரும் வெட்கப்பட்டுக் கேட்காமல் விடும் கேள்வி. தை பிறந்ததும் கலியாணக் காட் வேலை குவிந்தது. ஒருநாள் லொறியில் தாள் வந்து இறங்க ஆளில்லை. "ஒரு கை பிடியுமன்" என்று முதலாளியே அவசரத்தில் கூப்பிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்த அந்தக் கடதாசியைக் காட்டினேன். இரண்டு கிலோ. அவர் தலையைச் சொறிந்துகொண்டு தானே போய் இறக்கினார். வாயால் மறுத்திருந்தால் கள்ளம் என்று நினைத்திருப்பார். எண்ணோடு ஒருவரும் வாதாட முடியாது.

குறித்த திகதியில் போய்க் காட்டினேன். கையால் இறுக்கிப் பிடிக்கும் கருவி ஒன்றைத் தந்து, இரண்டு கையின் வலுவையும் அளந்தார் அந்தப் பிள்ளை. எண் கூடியிருந்தது. கடதாசியில் கிலோவையும் மணித்தியாலத்தையும் கூட்டி எழுதினார். அடுத்தமுறை மடிப்பு வேலை சேர்ந்தது. அதற்கடுத்து நம்பர் அடிப்பது. முழுநாள் வேலைக்கு வந்தபோது சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

வலது கை பழைய கையாகவில்லை. மோதிரவிரல் முழுக்க மடங்காது, மாரிகாலத்து விடியலில் கடுக்கும். முழு றீமை நான் தூக்குவதில்லை. பிரித்துக் கால் றீமாக எடுக்கிறேன், மூன்றரைக் கிலோவுக்கு உட்பட்டது. என்னைப் பார்த்துப் பெடியளும் இப்போது அப்படித்தான் எடுக்கிறார்கள், அவர்களுக்கும் நாரி இருக்கிறதுதானே. புரூவ் மேசை விறாந்தையிலேயே நிரந்தரமாகிவிட்டது. காலையில் அங்கே, பின்னேரம் பைண்டிங்கில். கத்திக்கு ஒரு மரக்கூடு தச்சரிடம் செய்வித்தாயிற்று.

1934ஆம் ஆண்டுச் சட்டத்தை 2022இல் திருத்தியபோது காசை உயர்த்தினார்கள், அது நல்ல காரியம். அடுத்தமுறை திருத்தும்போது ஆளைத் திரும்ப எடுப்பதற்கும் ஒரு பிரிவு சேர்க்கவேண்டும் என்று தொழிற்சங்கங்களும் வடக்கின் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்கவேண்டும். பதினைந்து பேருக்குக் குறைந்த இடங்களையும் அதற்குள் கொண்டுவரவேண்டும், ஏனென்றால் நம்முடைய பகுதியில் வேலை என்பதே அப்படியான இடங்களில்தான். வைத்தியர்கள் அதற்குக் காத்திருக்கத் தேவையில்லை. இலகு வேலை என்று எழுதும் இடத்தில் இன்னும் இரண்டு வரி எழுதினால் போதும்.

காயப்பட்டு இதை வாசிப்பவருக்கு: கிளினிக்கில் துண்டை வாங்கிக்கொண்டு வெளியே வருவதற்கு முன், எத்தனை கிலோ, எத்தனை மணித்தியாலம், எந்தத் திகதிவரை என்று கேட்டு எழுதுவித்துக்கொள்ளுங்கள். போகும்போது நீங்கள் செய்யும் வேலைகளின் பட்டியலைக் கொண்டுபோங்கள், பாரத்தோடு. முதலாளியிடம் கொடுக்கமுன் துண்டை ஒரு போட்டோக் கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள்.